மூன்று வீட்டு மெழுகு

கொட்டாஞ்சேனையில் கொறற்றி அக்காவைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள்: "அந்த மனிசி தன்ட நிழலையும் நம்பாது." பொய்யில்லை. மெழுகு விற்கிற வியாபாரி தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தால், எதை மறைக்க ஊற்றுகிறான் என்று யோசிப்பாள். வாங்கிக் கொடுக்காவிட்டால், இன்றைக்கு ஏன் முகத்தைத் திருப்புகிறான் என்று யோசிப்பாள். அந்த வியாபாரிகள்தான் என்ன செய்வார்கள், பாவங்கள்!

முழுப்பெயர் மரியகொறற்றி. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் மணி கேட்கிற தூரத்தில் பிறந்தவள். அதே தூரத்திலேயே ஹெக்டரைக் கலியாணம் கட்டி, அதே தூரத்திலேயே ஒரு வாடகை வீட்டின் பின்கட்டில் அடுப்பை மூட்டி மெழுகுதிரி வார்க்கத் தொடங்கினாள். ஹெக்டர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பிள்ளைகள் இல்லை. முதுகு பிடித்துக்கொண்டதால் முன்னதாகவே வேலையை விட்டுவிட்டு, திரி வெட்டுவதும் பகிடி விடுவதுமாக வீட்டில் இருந்தார். கோபம் என்பதே வராத மனிதர். அது ஒன்றுக்காகவே அவர் மேலும் கொறற்றி அக்காவுக்குச் சந்தேகம் இருந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரிடம் வருகிற சனத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொழிலின் சூட்சுமம் விளங்கும். வேதக்காரர் மட்டுமா வருகிறார்கள்? சைவக்காரர், புத்தசமயத்தார், முக்காடு போட்ட முஸ்லிம் பெண்கள், வழக்கு வெல்ல வேண்டுமென்று நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையிலிருந்து வருகிற வக்கீல்மார், எல்லோருக்கும் அவர் வேண்டும். வருகிற எல்லோர் கையிலும் ஒரு மெழுகுதிரி வேண்டும். கோயில் வாசலில் வரிசையாக இருந்த சின்னக் கடைகளில் பாதிக்கு மேல் கொறற்றி அக்காவின் திரிதான் போகும். ஒரு செவ்வாய் திரி வராவிட்டால் கடைக்காரன் காத்திருக்க மாட்டான். அடுத்த ஆளிடம் வாங்குவான், வாங்கிப் பழகினால் திரும்பியும் பார்க்கமாட்டான். ஆனி மாதம் வருகிற திருநாளைத் தவறவிட்டால் கதை முடிந்தது. ஒரு வருடச் சோற்றில் பாதி அந்தத் திருநாளில்தான் வேகும்.

ஆனால் மெழுகு கொழும்பில் காய்க்கிற சாமான் அல்லவே. கப்பலில் பாளம் பாளமாக வர வேண்டும். கப்பல் வந்தால் சுங்கம் விட வேண்டும், சுங்கம் விட்டால் புறக்கோட்டை முதலாளிமார் பதுக்காமல் தர வேண்டும், தந்தால் பாரம் சுமக்கிற நாட்டாமிமார் ஏற்ற வேண்டும், ஏற்றினால் வழியில் சோதனைச்சாவடிக்காரன் மறிக்காமல் இருக்க வேண்டும். இத்தனை 'வேண்டும்'களில் எது எப்போது அறுந்து விழும் என்று கொறற்றி அக்கா சோறு குழைக்கும்போதும் யோசிப்பாள். இரண்டு முதலாளிகளிடம் மாறி மாறி வாங்குவாள். ஒருவருக்கு மற்றவரைப் பற்றி மூச்சும் விடமாட்டாள்.

இப்படி ஆனதற்குக் காரணம் இருந்தது. எண்பத்துமூன்று ஆடியில், தமிழரை அடித்த கலவரத்தின்போது, அவளுடைய மெழுகு முழுவதும் ஒரே ஸ்டோரில் இருந்தது. அதற்கு நெருப்பு வைத்தார்கள். மெழுகு எரிந்தால் சும்மா எரியுமா? உருகி, ஒழுங்கை வழியே நெருப்பாக ஓடியது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கொறற்றி அக்கா பார்க்கவில்லை. அவளும் ஹெக்டரும் அந்த நேரம் ஜம்பட்டா வீதியில் றலியாவின் மேல்மாடி அறையில், வாயைப் பொத்திக்கொண்டு தரையில் படுத்திருந்தார்கள்.

றலியா அவளோடு கன்னியாஸ்திரிமாரின் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவள். கணவர் மௌத்தாகி, ஒரே மகனோடு அந்த வீட்டில் இருந்தாள். அன்றைக்குக் கீழே கும்பல் வந்து, "தமிழர் இருக்கிறார்களா?" என்று கேட்டபோது, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, பச்சைச் சிங்களத்தில், "வேணுமெண்டா ஏறிப் பாருங்க, என்ட புள்ளைக்கு அம்மை போட்டீக்குது" என்று சொல்லி அனுப்பியவள். அம்மையுமில்லை ஒன்றுமில்லை. சொன்ன பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கொறற்றி அக்கா ஒரு சட்டம் போட்டாள். இனி மெழுகு ஒரே இடத்தில் இருக்காது. ஒரு பங்கு தன் வீட்டில், ஒரு பங்கு றலியாவின் மேல்மாடியில், ஒரு பங்கு பொரளையில் சோமா நோனா என்கிற ஓய்வுபெற்ற தாதியின் கராஜில். ஒன்று தமிழ் வீடு, ஒன்று முஸ்லிம் வீடு, ஒன்று சிங்கள வீடு. "எந்தப் பக்கத்தால நெருப்பு வந்தாலும் ரெண்டு பங்கு மிஞ்சும்" என்று ஹெக்டரிடம் கணக்குச் சொன்னாள்.

"நெருப்பு மூண்டு பக்கத்தாலயும் வந்தா?" என்று கேட்டார் ஹெக்டர்.

"அப்ப மெழுகுதிரி கொளுத்த ஆரு இருக்கப்போறது? வாயை மூடிக்கொண்டு திரியை வெட்டுங்கோ."

இரண்டாவது சட்டமும் உண்டு. முழுக்கதை யாருக்கும் தெரியக்கூடாது. றலியாவுக்குப் பொரளையைத் தெரியாது. சோமா நோனாவுக்கு ஜம்பட்டா வீதியைத் தெரியாது. புறக்கோட்டையில் மெழுகு கொடுக்கிற ஹமீட் முதலாளிக்கு, வாங்குகிற மெழுகு எங்கே போகிறதென்றே தெரியாது. வீட்டில் அச்சில் திரி கோத்து மெழுகு ஊற்றுகிற வெள்ளையம்மாவுக்கு அன்றன்றைக்குத் தேவையான பாளம் மட்டும்தான் கண்ணில் படும். 'பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே' என்பது கொறற்றி அக்காவுக்கு வெறும் பழமொழி இல்லை, ஜெபம் மாதிரி. உயிரை நம்பி ஒப்படைத்தவளிடம்கூட மெழுகை நம்பி ஒப்படைக்க அவளுக்கு மனம் வரவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை ஏதாவது சாட்டுச் சொல்லி றலியாவின் மேல்மாடிக்கு ஏறி, பாளங்களைக் கண்ணால் தடவிவிட்டு வருவாள். றலியா சிரிப்பாள். அந்தச் சிரிப்பையும் யோசித்துக்கொண்டே இறங்குவாள்.

இந்த ஏற்பாடு வருடக்கணக்காக ஓடியது. பிறகு தொண்ணூற்றாறாம் வருடம் வந்தது.

அந்த வருடத்தைக் கொழும்புத் தமிழர் இப்போதும் மறக்கவில்லை. தை மாதக் கடைசியில் கோட்டையில் வங்கிக் குண்டு வெடித்தது. சித்திரையில் துறைமுகத்துக்குள்ளேயே சண்டை வந்தது. கொச்சிக்கடை ஜன்னல்கள் கடகடவென்று ஆடின. கப்பல்காரர் கொழும்பென்றாலே யோசிக்கத் தொடங்கினார்கள். இதெல்லாம் போதாதென்று மழை பொய்த்து, மலையில் நீர்த்தேக்கங்கள் வற்றி, மின்வெட்டு வந்தது. நகரம் முழுக்க மெழுகுதிரிக்குப் பறந்தது. இதுவரை ஏறெடுத்தும் பார்க்காத பலசரக்குக் கடைக்காரர்கள் கொறற்றி அக்காவின் படலையைத் தட்டினார்கள். வாசலுக்கு வந்த சீதேவியை யார் உதைப்பார்கள்? ஆனால் அவள் கொடுக்கவில்லை.

"ஏனப்பா, நல்ல விலைக்குத்தானே கேக்கிறாங்கள்?" என்றார் ஹெக்டர்.

"மழை பெய்தா இவங்கள் போயிடுவாங்கள். கோயில் வாசல் போகாது. திருநாளுக்கு வேண்டிய மெழுகில ஒரு பாளம் குறையக்கூடாது."

மற்ற முதலாளியைப் போலவே ஹமீட் முதலாளியும் கையை விரித்தார். "அக்கா, கப்பல் சிங்கப்பூர்ல நிண்டுக்கிட்டு வாறன் வரல்ல எண்டு செல்லுது. இன்ஷூரன்ஸ்காரன் கொழும்புக்கு வாறெண்டா ரெண்டு மடங்கு கேக்கிறானாம். திருநாளுக்கு முந்தி மெழுகு வாறத்துக்கு நான் வாக்குத் தரமாட்டன்." நியாயமான பேச்சுத்தான். ஆனால் சொல்லும்போது அவர் மேசையைப் பார்த்துச் சொன்னார். அது போதாதா? வேறு யாருக்கோ கொடுக்கப்போகிறார் என்று அவள் முடிவுகட்டினாள். எப்படியும், மூன்று வீட்டிலும் இருக்கிற மெழுகைக் காப்பாற்றினால் திருநாள் தப்பும். அது போனால் கடை வாசலும் போகும். இவ்வளவுதான் விஷயம்.

அந்த நேரம் பார்த்து றலியா ஆள் விட்டுக் கூப்பிட்டாள். போனபோது றலியாவின் முகம் வெளுத்திருந்தது.

"கொறற்றி, நேத்து ரெண்டு பேர் வந்த. சிவில் உடுப்பு. மேல மெழுகு வெச்சீக்கிறியா எண்டு கேட்ட. நான் இல்லையெண்டு சென்ன. என்ட மகன் துறைமுகத்தில வேலை செய்றவன் எண்டதும் போயிட்டாங்க."

கொறற்றி அக்கா அந்தக் கேள்வியையே பிடித்துக்கொண்டாள். மெழுகென்று பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், மேலே என்று இடம் சொல்லியும் கேட்டிருக்கிறார்கள். சண்டை நடக்கிற வடக்குக்கு அனுப்பத் தடைபோட்ட சாமான்களின் பட்டியலில் இந்த மாதம் மெழுகும் இருக்கிறதென்று ஆளுக்கொரு கதை உலாவிய காலம். தமிழச்சி ஒருத்தி முஸ்லிம் வீட்டில் மெழுகைப் பதுக்குகிறாள் என்றால் அதற்கு எத்தனை கண், எத்தனை மூக்கு வைப்பார்கள்! ஆனால் அவள் மனம் அங்கே நிற்கவில்லை. யார் சொன்னது? அதுதான் கேள்வி. வந்தவர்கள் ஏன் மேலே ஏறிப் பார்க்காமல் போனார்கள்? உண்மையிலேயே வந்தார்களா? அல்லது மெழுகை எடுத்துப்போகச் சொல்ல றலியாவே கட்டிய கதையா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அன்று அவளுக்கு வெளிச்சத்திலும் பேய்தான்.

வீட்டுக்கு வந்து யோசித்து, அவள் ஒரு பொறி வைத்தாள். நல்ல மூளைக்காரிதான், அதில் குறை சொல்லக்கூடாது. ஹமீட் முதலாளியிடம் போய், "மெழுகெல்லாத்தையும் வெள்ளவத்தைக்கு மாத்தப்போறன், ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றாள். வெள்ளையம்மாவிடம், "புதுக்கடையில ஒரு வக்கீல் வீட்டில வைக்கப்போறன், மூச்சு விடாதே" என்றாள். றலியாவிடம், "நீர்கொழும்புக்கு அனுப்பப்போறன்" என்றாள். மூன்றும் பச்சைப் பொய். எந்தப் பொய் ஊருக்குள் திரும்பி வருகிறதோ, அதைக் கேட்டவர்தான் கள்ளர். அந்தச் செவ்வாயும் வழக்கம்போலக் கோயிலுக்குப் போய், அந்தோனியாரின் கண்ணாடிப் பெட்டியில் கையை வைத்து மன்றாடிவிட்டு வந்து, காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள்.

அடுத்த நாளே மீன்காரன் வாயைத் திறந்தான். "என்ன அக்கா, வெள்ளவத்தைக்குப் போறீங்களாம்?"

ஹமீட்! பார்த்தாயா, மேசையைப் பார்த்துப் பேசிய ஆள்! அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மீனை வாங்கினாள். ஆனால் பாண்காரன் சைக்கிளை நிறுத்தி, "நீர்கொழும்பில கடை போடுறீங்களாமே, நல்லது" என்றபோது அவளுக்குத் தலை சுற்றியது. பின்னேரம் முச்சக்கரவண்டிக்காரன் ஒருவன், புதுக்கடை வக்கீல் வீட்டுக்குச் சாமான் ஏற்ற வேண்டுமென்றால் தன்னையே கூப்பிடும்படி சொன்னான். மூன்று கதையும் மூன்று வாயில் திரும்பி வந்துவிட்டன. மூவரில் ஒரு கள்ளரைத் தேடியவளுக்கு மூன்று பேருமே கள்ளராகக் கிடைத்தார்கள். வேறென்ன, எல்லோரும் கூட்டு!

"இஞ்சருங்கோ, மூண்டு பேரும் சேந்துதான் எனக்குக் குழி பறிக்கினம்" என்றாள் ஹெக்டரிடம்.

ஹெக்டர் திரி வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்தார். "கொறற்றி, வெள்ளையம்மாவுக்கு ஹமீடைத் தெரியாது. ஹமீடுக்கு றலியாவைத் தெரியாது. நீதானே தெரியாமல் வைச்சனி. பிறகு எப்பிடிக் கூட்டுச் சேருறது?"

"அதுதான் எனக்கும் பயம். எனக்குத் தெரியாமலே சேந்திருக்கினம்."

ஹெக்டர் கத்தியை மறுபடி எடுத்துத் திரி வெட்டத் தொடங்கினார்.

அவள் முதலில் வெள்ளையம்மாவை வார்த்தையால் வறுத்தாள். வெள்ளையம்மா ஹற்றன் பக்கத் தோட்டத்திலிருந்து வந்தவள், கொதிமெழுகு தெறித்துக் கையெல்லாம் வடு. "நாங்க வேலைக்கு வந்தவங்கம்மா, வேவு பாக்க வந்தவங்க இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு அச்சை எடுத்தாள். ஹமீடுக்கு இனி வரமாட்டேன் என்று ஆள் அனுப்பினாள். பிறகு கைவண்டியும் நாட்டாமிமாருமாக ஜம்பட்டா வீதிக்குப் போனாள்.

பாளங்கள் ஒவ்வொன்றாகப் படியிறங்குவதைப் பார்த்துக்கொண்டு றலியா சுவரோரம் நின்றாள்.

"நான் ஒருத்தருக்கும் செல்லல்ல, கொறற்றி."

"நீ சொல்லாட்டி உன்ட சுவர் சொன்னதோ?"

"எண்பத்திமூண்டில நீங்க ரெண்டு பேரும் மேல இருந்த நேரம் நான் ஆருக்காச்சும் சென்னனா?"

கொறற்றி அக்காவின் நாக்கை அன்றைக்கு எந்தச் சாத்தான் பிடித்திருந்ததோ! "அப்ப மேல இருந்தது ஆக்கள். ஆக்களுக்கு ஆரும் விலை தரமாட்டாங்கள். இப்ப இருக்கிறது சாமான்" என்றாள்.

நாட்டாமிமார்கூட ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் மற்றப் பாளத்தைத் தூக்கினார்கள். கொறற்றி அக்கா வண்டியோடு போனாள்.

பொரளையிலிருந்ததும் அன்றே வந்தது. சோமா நோனா மேல் சந்தேகமில்லைதான். ஆனால் சந்தேகம் இல்லாமலிருப்பதே அவளுக்குச் சந்தேகமாயிருந்தது. எண்பத்துமூன்றிலிருந்து கட்டிக்காத்த சட்டத்தைத் தன் கையாலேயே முறித்து, மூன்று வீட்டு மெழுகையும் ஒரே வீட்டில் அடுக்கினாள். சாமி படத்துக்குக் கீழே, கட்டிலுக்கு அடியில், குசினிச் சுவரோரம், எங்கும் மெழுகு. அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டாள். எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது, இனி எவன் என்ன செய்வான்?

திருநாளுக்குக் கொடியேறிய கிழமை, மின்வெட்டு நேரத்தில், மத்தியானம் வந்தார்கள். இந்த முறை சீருடையில்.

"மே ஒக்கோம மொனவத?" இதெல்லாம் என்ன என்று கேட்ட அதிகாரி, கட்டிலுக்கடியில் காலால் தட்டிப் பார்த்தார்.

"இட்டி மஹத்தயா, பல்லியட்ட." மெழுகு ஐயா, கோயிலுக்கு என்றாள்.

கோயிலுக்கு இவ்வளவு மெழுகா என்று அவர் கேட்டார். இரண்டு மூன்று இடத்திலிருந்து அவசரமாக ஒரே நாளில் ஏன் கொண்டுவந்து அடுக்கினாய், எங்கே அனுப்ப, யாருக்கு அனுப்ப என்றும் கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் உண்மையான பதில் இருந்தது. ஆனால் அந்தப் பதில் எதுவும் உண்மை மாதிரி இல்லை. நெருப்புக்குப் பயந்து பிரித்து வைத்தேன், சிநேகிதிக்குப் பயந்து சேர்த்து வைத்தேன் என்றால் யார்தான் நம்புவார்கள்? அவளுடைய கதையை வேறொருத்தி சொல்லியிருந்தால் கொறற்றி அக்காவே நம்பியிருக்கமாட்டாள். மெழுகை லொறியில் ஏற்றினார்கள். வீட்டு ஆண் என்று ஹெக்டரையும் ஏற்றினார்கள். ஹெக்டர் ஏறும்போது, "வெள்ளையம்மாவை அனுப்பிப்போடாதே, அடுப்பு சூடா இருக்கு, பாத்துக்கொள்ளச் சொல்லு" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

அந்த நாட்களில் அப்படி ஏறிய மனிதர்கள் எல்லோரும் இறங்கி வரவில்லை. மெழுகாவது மண்ணாவது! கொறற்றி அக்கா செருப்பும் போடாமல் கோயிலுக்கு ஓடினாள். கண்ணாடிப் பெட்டியில் இரண்டு கையையும் அடித்து, "அந்தோனியாரே, ஹெக்டரை எடுத்துத் தாரும்! காட்டிக்கொடுத்தது ஆரெண்டு காட்டும்!" என்று கத்தினாள்.

பின்னால் நின்றவள் தோளைத் தொட்டாள். ஐறீன். கோயில் வாசலில் கடை வைத்திருப்பவள், தானும் கொஞ்சம் மெழுகுதிரி வார்த்து விற்பவள், அதனாலேயே கொறற்றி அக்கா வருடக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாதவள்.

"மெதுவாச் சொல்லுங்க அக்கா. அவருக்குக் காது கேக்கும்" என்றாள் ஐறீன்.

"உனக்கென்ன?"

"எனக்கொண்டுமில்ல. ஒவ்வொரு செவ்வாயும் நீங்க இதில நிண்டு சொல்றது கியூவில நிக்கிற எல்லாருக்கும் கேக்கும். ஜம்பட்டா வீதி மேல்மாடியில இவ்வளவு, பொரளைக் கராஜில இவ்வளவு, அதைப் பாத்துக்கொள்ளும், இதைப் பாத்துக்கொள்ளும் எண்டு. போன மாசம் ஹமீடுக்கு வெள்ளவத்தை எண்டு சொன்னன், றலியாவுக்கு நீர்கொழும்பு எண்டு சொன்னன், பொய் சொன்னதுக்கு மன்னியும் எண்டும் சொன்னீங்க. பூக்காரி, மீன்காரன்ட பெண்சாதி, வாசல்ல சேவையில நிக்கிற பொலிஸ், ஆர்தான் கேக்கல்ல? நாங்க சிரிச்சிட்டு விட்டிட்டம். ஒருத்தன் சிரிக்காமப் போய்ச் சொல்லியிருக்கான்."

கொறற்றி அக்கா கண்ணாடிப் பெட்டியிலிருந்து கையை எடுத்தாள். உண்மைதான். மனிதர் ஒருவருக்கும் முழுக்கதை சொல்லாதவள், அந்தோனியாருக்கு மட்டும் ஒன்று விடாமல் ஒப்புவிப்பாள். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அல்லவா? சாமான் எங்கே இருக்கிறதென்று சரியாகச் சொன்னால்தானே அவர் காவல் நிற்பார்! அந்த இடத்தில் எல்லோரும் தங்கள் தங்கள் பாட்டைச் சத்தமாகத்தான் முறையிடுவார்கள். கடன், புருஷன், பிள்ளையின் விசா என்று. ஆளுக்காள் காது கொடுப்பதில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஊரெல்லாம் சந்தேகப்பட்டவள், தன் வாயை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை!

"ஆர் போய்ச் சொன்னது?" என்றாள்.

"கியூவில நிண்டவங்கள்ள ஆரோ. அதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

கண்டுபிடிக்கவே இல்லை, கடைசிவரை.

கோயிலிலிருந்து ஜம்பட்டா வீதி அதிக தூரமில்லை. அன்று அது முடியாத தூரமாயிருந்தது. பொலிஸில் போய்த் தமிழச்சி தமிழனுக்காகப் பேசினால் எடுபடாது. சோமா நோனாவோடு பொலிஸுக்கு வா என்று கேட்கிற அளவுக்குப் பழக்கமில்லை; பேச்சும் எடுபட்டு, கேட்டதும் கூட வரக்கூடிய ஒருத்தியைத்தான் அவளுக்குத் தெரியும். அந்த ஒருத்தியைத்தான் சுவரோரம் நிற்கவைத்துக் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

றலியா கதவைத் திறந்தாள். "ஹெக்டரைக் கொண்டுபோயிட்டாங்கள்" என்றாள் கொறற்றி அக்கா. றலியா எப்போது என்றோ, ஏன் என்றோ கேட்கவில்லை. உள்ளே போய்க் கறுப்பு முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, அவளுக்கு முன்னாலே படியிறங்கி நடந்தாள்.

பொலிஸ் நிலையத்து வாங்கில் இரண்டு பேரும் பின்னேரம் வரை இருந்தார்கள். நடுவில் ஓர் ஆள் இருக்கக்கூடிய இடைவெளி. கூப்பிட்டபோது றலியா மட்டும் உள்ளே போனாள். அந்த மெழுகில் பெரும்பங்கு தன் வீட்டில் இருந்தது, தனக்குத் தெரிந்தே இருந்தது, கோயிலுக்கு வார்க்கிற மெழுகு, அதற்குத் தான் பொறுப்பு என்று சிங்களத்தில் சொன்னாள். முந்தி வந்தவர்களிடம் ஏன் இல்லையென்றாய் என்று கேட்டார்கள். பயத்தில் பொய் சொன்னேன் என்றாள். பெயரை எழுதிக்கொண்டார்கள், வீட்டு இலக்கத்தை எழுதிக்கொண்டார்கள், மகன் எங்கே வேலை என்பதையும் எழுதிக்கொண்டார்கள். எழுதிய இடத்தில் கையெழுத்து வைத்தாள்.

வாசல் லைட் எரிகிற நேரம் ஹெக்டர் வெளியே வந்தார். ஒரு கண் வீங்கியிருந்தது. "கட்டில் நல்லாயில்ல" என்று பகிடி விடப்பார்த்தார், முடியவில்லை. கொறற்றி அக்கா நடுத்தெருவில் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். திரும்பிப் பார்த்தபோது றலியா போய்விட்டிருந்தாள்.

மெழுகும் வந்தது, சாட்சிக்கென்று எடுத்த கொஞ்சத்தைத் தவிர. அவளும் வெள்ளையம்மாவும் கை வெந்து போகிற அளவுக்கு வார்த்தார்கள். திருநாளுக்குக் கோயில் வாசலில் எந்தக் கடையிலும் திரி குறையவில்லை. சுரூபம் தெருவில் வலம் வந்தபோது சனத்தின் கையெல்லாம் அவளுடைய வெளிச்சம். ஒரு கடைக்காரனும் அவளை விட்டுப் போகவில்லை. கொறற்றி அக்கா பயந்த நட்டம் எதுவும் நடக்கவில்லை.

திருநாள் முடிந்த பிறகு கேள்விப்பட்டாள்: றலியாவின் மகனுக்குத் துறைமுகத்து நுழைவுப் பாஸ் புதுப்பித்துக் கொடுக்கவில்லை. விசாரணையில் பெயர் இருக்கிறதாம். முடியும்வரை வீட்டில் இருக்கட்டுமாம்.

கேட்டவள் அப்படியே எழுந்து போனாள். றலியா கதவைப் பாதி திறந்து, அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். உள்ளே மகன் பகல் வேளையில் சாரத்தோடு உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"எனக்காகப் போய் இப்பிடி மாட்டிக்கொண்டியே, றலியா."

"ஒனக்காகப் போகல்ல. ஹெக்டர் அண்ணனுக்காகப் போன. அவர் ஒரு நாளும் என்னைப் பாத்து அப்பிடிக் கேக்கல்ல."

"நான்தான் பிழை. என்ட வாய்தான். கோயில்ல நானே சொல்லியிருக்கிறன். என்னை மன்னிச்சிரு."

"ஐறீன் செல்லித் தெரியும். மன்னிச்சிட்டன்." றலியாவின் குரலில் கோபமில்லை. கோபமிருந்தால் கொறற்றி அக்காவுக்குத் தாங்கியிருக்கும். "ஆனா இனி இந்த வீட்டுக்கு ஒண்டும் கொண்டு வராத. நீ கேட்டுட்டுப் போன பிறகு, நான் ஒவ்வொரு நாளும் படுத்துக்கிட்டு யோசிச்ச. ஆருக்கும் வாய் தவறிச் சென்னனா, மகனுக்குச் சென்னனா, பக்கத்து வீட்டுக்குச் சென்னனா எண்டு. செல்லல்ல எண்டு தெரியும். தெரிஞ்சும் யோசிச்ச. என்னையே எனக்கு நம்ப ஏலாமப் போச்சு, கொறற்றி. அப்பிடி என்னால இனி ஈக்க ஏலாது."

கொறற்றி அக்கா ஓர் அடி முன்னே வைத்தாள். கதவு மெல்லச் சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டில் பகலில் தாழ்ப்பாள் போட்டு அவள் அதுவரை கண்டதில்லை.